ஒரே நூறு மீட்டருக்கு எத்தனை தங்கம்? ஸ்பெஷல் ஒலிம்பிக்ஸ் விதிகள், கொஞ்சம் விவரமாக

2023 ஜூனில் பெர்லினில் நடந்த ஸ்பெஷல் ஒலிம்பிக்ஸ் உலகக் கோடைப் போட்டியில் இந்தியா 202 பதக்கம் வாங்கியது. 76 தங்கம், 75 வெள்ளி, 51 வெண்கலம். இப்படி ஒரு செய்தி வந்தால் வாட்ஸப் குழுக்களில் வழக்கமாக இரண்டு விதமான பேச்சு கிளம்பும். ஒரு கூட்டம் "இவ்வளவு பதக்கம் வாங்கியிருக்கிறார்கள், ஒரு டிவியாவது காட்டியதா" என்று கொதிக்கும். இன்னொரு கூட்டம் கொஞ்சம் குரலைத் தாழ்த்தி, "அங்கே கலந்துகொண்ட எல்லாருக்கும் பதக்கம் கொடுத்துவிடுவார்கள் சார்" என்னும். இரண்டு தரப்புமே அந்தப் போட்டியின் விதிப்புத்தகத்தைப் புரட்டிப் பார்த்ததில்லை என்பது பேச்சிலேயே தெரிந்துவிடும், புரட்டியிருந்தால் முதல் தரப்பு எண்ணிக்கையைப் பிடித்துத் தொங்காது, இரண்டாவது தரப்பு அவ்வளவு சுலபமாகத் தள்ளிவிடாது.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். பாராலிம்பிக்ஸ் வேறு, ஸ்பெஷல் ஒலிம்பிக்ஸ் வேறு. ஸ்பெஷல் ஒலிம்பிக்ஸ் அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கான போட்டி. நம் செய்தித்தாள்களே இரண்டையும் கலந்து எழுதுகின்றன. பாராலிம்பிக்ஸ் பெரும்பாலும் உடல் குறைபாடும் பார்வைக் குறைபாடும் உள்ளவர்களுக்கானது, அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கும் அங்கே சிறு இடம் உண்டு. தெலங்கானாவின் தீப்தி ஜீவாஞ்சி 2024 பாரிஸ் பாராலிம்பிக்ஸில் 400 மீட்டரில் வெண்கலம் வாங்கியது அந்த இடத்தில்தான். டி20 என்ற பிரிவு. அதே ஆண்டு ஜப்பானின் கோபே நகரில் 55.07 வினாடியில் ஓடி உலக சாதனை படைத்தவர் அவர். அங்கே கணக்கு எளிமையானது: தகுதி இருக்கிறதா என்று பார்ப்பார்கள், இருந்தால் வேகமானவர் ஜெயிப்பார்.

அந்தத் தகுதிச் சோதனையிலும் ஒரு பெரிய அசிங்கம் நடந்திருக்கிறது. 2000 சிட்னி பாராலிம்பிக்ஸில் அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கான கூடைப்பந்தில் ஸ்பெயின் தங்கம் வாங்கியது. அணியில் இருந்த 12 பேரில் 10 பேருக்கு அப்படி எந்தக் குறைபாடும் இல்லை. அணிக்குள் வீரராகவே புகுந்திருந்த கார்லோஸ் ரிபகோர்தா என்ற பத்திரிகையாளர்தான் குட்டை உடைத்தார். பதக்கத்தைப் பிடுங்கியதோடு விஷயம் முடியவில்லை. அறிவுசார் குறைபாடு உள்ளவர்களின் பதக்கப் போட்டிகள் மொத்தத்தையும் பாராலிம்பிக்ஸ் நிறுத்திவைத்தது, 2004 ஏதென்ஸிலும் 2008 பெய்ஜிங்கிலும் அவை கிடையாது. 2012 லண்டனில்தான் தடகளம், நீச்சல், டேபிள் டென்னிஸ் என்று மூன்று விளையாட்டுகளில் கதவு மறுபடி திறந்தது. பத்துப் பேர் செய்த பித்தலாட்டத்துக்கு, ஒரு தவறும் செய்யாத ஒரு தலைமுறை வீரர்கள் வெளியே நின்றார்கள். கண்ணுக்குத் தெரியாத குறைபாட்டை எப்படி நிரூபிப்பது என்ற கேள்விக்கு ஒரு தேர்வு முறையைத் தயார் செய்ய அவ்வளவு காலம் பிடித்தது.

ஸ்பெஷல் ஒலிம்பிக்ஸ் இந்தப் பிரச்சினையை வேறு பக்கத்திலிருந்து அணுகியது. 1962-ல் அமெரிக்க அதிபர் ஜான் கென்னடியின் தங்கை யூனிஸ் கென்னடி ஷ்ரைவர் மேரிலாந்தில் உள்ள தன் வீட்டுத் தோட்டத்தில் அறிவுசார் குறைபாடு உள்ள குழந்தைகளுக்கு ஒரு கோடை முகாம் தொடங்கினார், அவருடைய அக்கா ரோஸ்மேரிக்கும் அதே குறைபாடுதான். அங்கிருந்து வளர்ந்து 1968 ஜூலையில் சிகாகோவின் சோல்ஜர் ஃபீல்டில் முதல் போட்டி நடந்தது, சுமார் ஆயிரம் பேர் கலந்துகொண்டார்கள். 1988-ல் சர்வதேச ஒலிம்பிக் குழு அங்கீகாரம் கொடுத்தது. தொடக்கத்திலிருந்தே இங்கே கேட்ட கேள்வி "இவர்களில் யார் மிகச் சிறந்தவர்" என்பது அல்ல. அதிகம் வெயிட் தூக்குபவரோ வேகமாக ஓடுபவரோ மட்டும் மேலே போனால் பாக்கிப் பேர் எல்லாம் வீட்டிலேயே இருந்துவிடுவார்கள், அப்படியானால் இந்தப் போட்டியே எதற்கு?

அதனால் நுழைவு விதி தாராளமாக இருக்கும். எட்டு வயது நிரம்பியிருந்தால் போட்டியில் இறங்கலாம், மேல் வயது வரம்பு கிடையாது. அறுபது வயதுக்காரர் வந்து போச்சி என்ற பந்து உருட்டும் விளையாட்டில் இறங்கினாலும் யாரும் தடுக்க முடியாது. அறிவுசார் குறைபாடு என்று மருத்துவரோ உரிய நிபுணரோ உறுதி செய்திருக்க வேண்டும், அல்லது கற்றலிலும் அன்றாட வாழ்க்கைத் திறன்களிலும் சேர்ந்தாற்போல் பின்தங்கல் இருக்கும் நெருங்கிய வளர்ச்சிக் குறைபாடாக இருக்க வேண்டும். உடல் குறைபாடு மட்டும் இருந்தால் போதாது. பங்கேற்க வீரரிடமோ குடும்பத்திடமோ கட்டணம் வாங்கக்கூடாது என்பதும் விதிதான்.

தாராளம் இதோடு சரி. உள்ளே வந்த பிறகு விதிப்புத்தகம் கறாராகிவிடும். ஒவ்வொரு விளையாட்டுக்கும் அந்தந்த சர்வதேசக் கூட்டமைப்பின் விதிகள்தான் அடிப்படை, ஸ்பெஷல் ஒலிம்பிக்ஸின் சொந்த விதியோடு முரண்படும் இடத்தில் மட்டும் சொந்த விதி செல்லும். ஓட்டப் பாதையில் கோடு தாண்டினால் இங்கேயும் தகுதி நீக்கம்தான். "பாவம், விட்டுவிடுங்கள்" என்று நடுவரிடம் போய் நிற்கிற பெற்றோரும் ஆசிரியரும் உண்டு. நடுவர் விட்டுவிட்டால் அடுத்த பாதையில் ஒழுங்காக ஓடிய பையனுக்குச் செய்த துரோகம் அது.

இனி விஷயத்தின் மையத்துக்கு வருவோம், டிவிஷனிங். தமிழில் பிரிவு பிரித்தல் என்று சொல்லலாம், மைதானத்தில் எல்லாரும் டிவிஷன் என்றே சொல்கிறார்கள். மூன்று அளவுகோல்கள்: ஆணா பெண்ணா, வயது, திறன். தனிநபர் போட்டிகளில் வயது 8 முதல் 11, 12 முதல் 15, 16 முதல் 21, 22 முதல் 29, 30-க்கு மேல் என்று பிரிகிறது. அப்புறம் ஹீட்ஸ், அதாவது முதல் சுற்று. இந்த முதல் சுற்றில் யாரும் வெளியேறுவதில்லை. ஓடி முடித்த நேரத்தை வைத்து, ஒத்த வேகமுள்ளவர்களை ஒரே ஃபைனலில் சேர்க்கத்தான் அது. ஒரு பிரிவில் குறைந்தது மூன்று பேர், அதிகபட்சம் எட்டு பேர். பிரிவில் முதலிடத்தில் இருப்பவருக்கும் கடைசியில் இருப்பவருக்கும் உள்ள வித்தியாசம் 15 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பது வழிகாட்டுதல், முன்பு இது 10 சதவீதமாக இருந்தது.

கேட்க எளிது. காகிதத்தில் உட்கார்ந்து செய்து பாருங்கள். 12 முதல் 15 வயதுப் பையன்கள் எட்டு பேர் 100 மீட்டர் ஹீட்ஸ் ஓடியிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். நேரம் வினாடிகளில்: 16.2, 17.0, 18.4, 19.5, 22.8, 24.1, 25.9, 31.0. முதல் பையனின் 16.2-ஓடு 15 சதவீதம் சேர்த்தால் 18.6. ஆக முதல் மூன்று பேர் ஒரு பிரிவு, அழகாக முடிந்தது. 22.8-ல் ஆரம்பித்தால் 26.2 வரை போகலாம், அங்கேயும் மூன்று பேர் சரியாக உட்காருகிறார்கள். மிச்சம் இருப்பது 19.5 ஓடிய பையனும் 31 வினாடி எடுத்த பையனும். 19.5-ஐ மேல் பிரிவில் போட்டால் வித்தியாசம் 20 சதவீதம் ஆகிவிடுகிறது, அவன் கடைசியாக வருவது ஏறக்குறைய உறுதி. கீழ்ப் பிரிவில் போட்டால் அவன் தங்கம் வாங்குவது அதைவிட உறுதி, மற்ற மூன்று பேரும் அவன் முதுகைப் பார்த்தே ஓடி முடிக்க வேண்டும். 31 வினாடிப் பையனுக்கு இந்தக் கூட்டத்தில் ஜோடியே இல்லை. அவனுக்காகப் பக்கத்து வயதுப் பிரிவில் தேட வேண்டும், அங்கேயும் இல்லையென்றால் ஆண் பெண் பிரிவைக் கலக்கலாம் என்று விதி இடம் கொடுக்கிறது. தனியாக ஓடவிட்டுத் தங்கம் கொடுப்பது கடைசிக்கும் கடைசி வழி.

பதினைந்து சதவீதம் என்பதைக் கட்டாயமாக்காமல் வழிகாட்டுதலாக வைத்திருப்பதற்குக் காரணம் இதுதான். ஆயிரக்கணக்கானோர் வரும் உலகப் போட்டியில் இந்தக் கணக்கு நன்றாகப் படியும். மாவட்ட அளவில் ஐம்பது அறுபது பேரை வைத்துக்கொண்டு, மதியச் சாப்பாட்டுக்குள் ஃபைனல் பட்டியல் ஒட்ட வேண்டிய இடத்தில், பிரிவு பிரிக்கும் மேசையில் உட்கார்ந்திருப்பவர் படும் பாடு தனி. என்னைக் கேட்டால் இந்தப் போட்டியின் உண்மையான நடுவர் அவர்தான், விசில் ஊதுபவர் இல்லை. அவர் சரியாகப் பிரித்தால் எட்டு பேரில் யார் ஜெயிப்பார் என்று கடைசி பத்து மீட்டர் வரை யாருக்கும் தெரியாது. தப்பாகப் பிரித்தால் துப்பாக்கி வெடிப்பதற்கு முன்பே முடிவு தெரிந்துவிடும்.

குழு விளையாட்டில் இது இன்னும் சிக்கல். கால்பந்து அணிக்கு நேரம் என்று ஒன்று இல்லையே. அதனால் பயிற்சியாளர் தரும் திறன் மதிப்பீட்டை வைத்துக்கொண்டு, அணிகளைக் குறுகிய ஆட்டங்கள் ஆடவிட்டு, ஒரு குழு ஓரமாக உட்கார்ந்து பார்த்துத் தரம் பிரிக்கும்.

சரி, இங்கே ஏமாற்ற வழி இல்லையா? தாராளமாக இருக்கிறது, அதுவும் ஒரே ஒரு வழி. ஹீட்ஸில் மெதுவாக ஓடு, கீழ்ப் பிரிவில் விழு, ஃபைனலில் பிய்த்துக்கொண்டு போய்த் தங்கம் வாங்கு. பையனுக்கு இந்த யோசனை வராது, பெரியவர்கள்தான் சொல்லிக்கொடுப்பார்கள். இதைத் தடுக்கத்தான் முழு முயற்சி விதி. எல்லாச் சுற்றிலும் நேர்மையாக, முழு பலத்தோடு ஓட வேண்டும். நேரம், தூரம் அளக்கும் போட்டிகளில் ஹீட்ஸைவிட ஃபைனலில் குறிப்பிட்ட சதவீதத்துக்கு மேல் முன்னேற்றம் காட்டினால் தகுதி நீக்கம், வழக்கமாக அது 15 சதவீதம், சில போட்டிகளில் நடத்துபவர்கள் இன்னும் கொஞ்சம் தளர்த்துவார்கள். நம் உதாரணத்தில் 24.1 ஓடிய பையன் ஃபைனலில் 20.3 ஓடினால் எல்லைக்கு வெளியே போய்விடுவான், அவனுக்கான எல்லை ஏறக்குறைய 20.5.

இந்த விதியைத்தான் பெற்றோர்கள் அதிகம் திட்டுகிறார்கள், அதில் நியாயமும் இருக்கிறது. காலையில் புது இடம், புது சத்தம், காதைப் பொத்திக்கொண்டு பாதி தூரத்தில் நின்றுவிடுகிற குழந்தைகள் உண்டு. மதியம் பழகிவிட்ட பிறகு அதே குழந்தை தன் நிஜ வேகத்தில் ஓடும். அந்தக் குழந்தையிடம் போய் "நீ ரொம்ப வேகமாக ஓடிவிட்டாய், அதனால் பதக்கம் இல்லை" என்று யார் விளக்குவது? விதியில் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். ஹீட்ஸ் நேரம் பையனின் உண்மையான திறனைக் காட்டவில்லை என்று தெரிந்தால், ஃபைனல் பட்டியல் போடுவதற்கு முன்பே பயிற்சியாளர் போய்ச் சரியான நேரத்தை எழுதிக் கொடுக்கலாம், கொடுக்க வேண்டும். கொடுக்காமல் விட்டுவிட்டு அப்புறம் மேசையைத் தட்டிப் பயனில்லை. எனக்கு இந்த விதி வேண்டும் என்றுதான் படுகிறது, வலிக்கிற விதிதான், ஆனால் இது இல்லாவிட்டால் ஒரே வருடத்தில் எல்லா ஹீட்ஸும் நடைப்பயிற்சி ஆகிவிடும். விதி மீறலில் சிக்கியவருக்கும் பங்கேற்பு ரிப்பன் உண்டு. ஒழுக்கக்கேடான நடத்தைக்காக நீக்கப்பட்டவருக்கு மட்டும்தான் அதுவும் கிடையாது.

பதக்கம் பற்றி: ஒவ்வொரு பிரிவிலும் முதல் மூன்று பேருக்குத் தங்கம், வெள்ளி, வெண்கலம். நான்கிலிருந்து எட்டு வரை ரிப்பன். எல்லாரும் மேடையேறுகிறார்கள் என்பது உண்மை, எல்லாருக்கும் பதக்கம் என்பது பொய். ஆனால் பிரிவுகள் பல என்பதால் ஒரே 100 மீட்டருக்குப் பல தங்கங்கள் வரும். அதனால்தான் 202 என்ற எண்ணை நீரஜ் சோப்ராவின் ஒரு தங்கத்தோடு தராசில் வைப்பதும், நாடு நாடாகப் பதக்கப் பட்டியல் போட்டு "உலகில் இத்தனாவது இடம்" என்று எழுதுவதும் அர்த்தமில்லாத வேலை. எத்தனை பேரை அனுப்பினோம், எத்தனை பிரிவு அமைந்தது என்பதைப் பொறுத்து எண்ணிக்கை ஏறும் இறங்கும். 2019 அபுதாபியில் இந்தியாவுக்கு 368 வந்தது, பெர்லினில் 202. இந்த இரண்டு எண்களை மட்டும் வைத்து நம் ஆட்கள் மோசமாகிவிட்டார்கள் என்று யாராவது சொன்னால் அவருக்கு இந்த முறை புரியவில்லை என்று அர்த்தம்.

இதைவிட வெளியாட்களுக்கு விநோதமாகத் தெரியும் விதி இன்னொன்று உண்டு. உலகப் போட்டிக்குப் போகும் ஆளை எப்படித் தேர்ந்தெடுக்கிறார்கள்? இருப்பதிலேயே வேகமானவரை இல்லை. கீழ்மட்டப் போட்டியில் தங்கம் வாங்கியவர்கள், எந்தப் பிரிவில் வாங்கியிருந்தாலும் சரி, எல்லார் பெயரையும் போட்டுக் குலுக்கல். 16 வினாடிக்காரனுக்கும் 31 வினாடிக்காரனுக்கும் பெர்லின் விமானத்தில் ஏறச் சம வாய்ப்பு. நன்றாக ஓடும் பிள்ளையைப் பெற்றவருக்கு இது எரிச்சலாகத்தான் இருக்கும், தன் பிள்ளை மாநிலத்திலேயே வேகமானவன், சீட்டு வேறொருவனுக்குப் போய்விட்டது. அப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு, அவர்களுடைய மருத்துவத் தகுதி பொருந்தினால், பாராலிம்பிக்ஸ் வழி இருக்கிறது. இரண்டு வாசல்களும் இருப்பது நல்லதுதான், எந்த வாசல் எதற்கு என்று சிறப்புப் பள்ளிகளில் யாராவது பெற்றோருக்குச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

விளையாட்டு விதிகளுக்குள் போனால் இன்னும் சுவாரசியம். தடகளத்தில் 100, 200, 400 மீட்டர் எல்லாம் உண்டு, கூடவே 25 மீட்டர் நடை, 25 மீட்டர் சக்கர நாற்காலிப் போட்டி, 10 மீட்டர் துணையுடன் நடை என்றும் உண்டு. இந்தப் பத்து மீட்டரில் துணை என்பது ஊன்றுகோலோ வாக்கரோ மட்டும், அதையும் வீரரே கொண்டுவர வேண்டும். பயிற்சியாளர் கையைப் பிடித்து நடத்திக் கூட்டிப்போக முடியாது. நீளம் தாண்டுதலில் ஓடி வந்து தாண்டுபவர் குறைந்தது ஒரு மீட்டராவது தாண்டக்கூடியவராக இருக்க வேண்டும், தாண்டும் பலகைக்கும் மணல் குழிக்கும் நடுவே அவ்வளவு தூரம் இருக்கிறது, தாண்ட முடியாவிட்டால் கட்டாந்தரையில் விழுவார். அவர்களுக்காக நின்ற இடத்திலிருந்து இரண்டு காலையும் சேர்த்துத் தாண்டும் போட்டி தனியாக இருக்கிறது. கோலூன்றித் தாண்டுதல், சங்கிலிக் குண்டு எறிதல் கிடையாது. நிஜ ஈட்டி கிடையாது, அதற்குப் பதில் முனை மழுங்கிய சிறு ஈட்டி. குத்துச்சண்டை வழக்கமாகவே வெளியே.

நீச்சலிலும் இதே மாதிரிதான். 15 மீட்டர் தண்ணீரில் நடப்பது ஒரு போட்டி, ஆழம் அதிகம் இருக்கக்கூடாது, ஒரு மீட்டர் அளவுதான். மிதவை கட்டிக்கொண்டு நீந்தும் போட்டியில் மிதவை உடம்பைச் சுற்றி இருக்க வேண்டும், கையில் பிடித்துக்கொள்ளும் வகை ஆகாது, கை நழுவினால் ஆள் உள்ளே போய்விடுவார். 10 மீட்டர் துணையுடன் நீச்சலில் ஒவ்வொருவருக்கும் ஒரு துணையாள் உண்டு. அவர் தொடலாம், வழிகாட்டலாம், கத்தலாம். தூக்கிப் பிடிக்கவோ முன்னால் தள்ளவோ கூடாது. இந்த வரியை எழுதியவர் நீச்சல் குளத்தின் ஓரத்தில் நிறைய நாள் நின்றவராகத்தான் இருக்க வேண்டும், ஏனென்றால் பாசத்தில் ஒரு தள்ளு தள்ளிவிடும் ஆசை எல்லாருக்கும் வரும்.

இந்தப் பெரிய புத்தகத்தில் எதைத் தவிர்த்தாலும் தவிர்க்கக்கூடாத பகுதி ஒன்று உண்டு: கழுத்து. டவுன் சிண்ட்ரோம் (பிறவியிலேயே வரும் ஒரு குரோமோசோம் கோளாறு) உள்ளவர்களில் சிலருக்குக் கழுத்தெலும்பின் முதல் இரண்டு கண்ணிகளுக்கு இடையே பிடிப்பு தளர்ந்திருக்கும். கழுத்து வேகமாக முன்னாலோ பின்னாலோ மடங்கினால் தண்டுவடம் நசுங்கலாம். 1980-களிலேயே ஸ்பெஷல் ஒலிம்பிக்ஸ் இதற்கு விதி கொண்டுவந்தது, முதலில் எக்ஸ்-ரே எடுக்கச் சொன்னது, பிறகு நரம்பு அழுத்தத்தின் அறிகுறிகளை மருத்துவர் பரிசோதிப்பதற்கு முக்கியத்துவம் மாறியது. இந்தத் தளர்ச்சி உள்ளவர்களுக்கு ஆபத்தாகக் கருதப்பட்டவை எவை என்று பாருங்கள்: பட்டர்ஃபிளை நீச்சல், குதித்து நீச்சலைத் தொடங்குவது, உயரம் தாண்டுதல், ஜிம்னாஸ்டிக்ஸ், குதிரையேற்றம், பளு தூக்குதலில் ஸ்குவாட், அப்புறம் கால்பந்து. தலையால் முட்டுவதை நினைத்தால் கால்பந்து ஏன் என்று புரியும். வார்ம்-அப்பில் தலையைச் சுழற்றச் சொல்வதும் ஆகாது. நம் ஊர்களில் காலை உடற்பயிற்சி என்றாலே கழுத்தைச் சுற்று என்றுதான் ஆரம்பிப்பார்கள், உடற்பயிற்சி ஆசிரியர்கள் இந்த ஒரு விஷயத்தையாவது தெரிந்துவைத்திருக்க வேண்டும். மருத்துவப் படிவத்தை ஏதோ சம்பிரதாயம் என்று எண்ணி யாரிடமாவது கையெழுத்து மட்டும் வாங்கிவருபவர்கள் விளையாடுவது அந்தக் குழந்தையின் கழுத்தோடு.

யூனிஃபைட் என்று ஒரு வகையும் இருக்கிறது. குறைபாடு உள்ளவர்களும் இல்லாதவர்களும் ஒரே அணியில். இல்லாதவரை பார்ட்னர் என்பார்கள். கூடைப்பந்தில் களத்தில் மூன்று வீரர், இரண்டு பார்ட்னர். கைப்பந்தில் மூன்றுக்கு மூன்று. எழுவர் கால்பந்தில் நான்கு வீரர், மூன்று பார்ட்னர். இந்த விகிதத்தை மாற்ற முடியாது. விகிதத்தைவிட முக்கியம், பார்ட்னர் ஆட்டத்தைத் தன் கையில் எடுத்துக்கொள்ளக்கூடாது. கல்லூரி அணியில் ஆடுகிற பையன் வந்து எல்லாக் கோலையும் அவனே போட்டுவிட்டு, ஓரத்தில் நின்றவர்களைக் கட்டிப்பிடித்துப் போட்டோ எடுத்துக்கொண்டால் அது யூனிஃபைட் இல்லை. ஆட்டத்தில் எல்லாருக்கும் பொருளுள்ள பங்கு இருக்க வேண்டும் என்று விதி சொல்கிறது, அதை நடுவர் எப்படி அளப்பார் என்பது இன்னும் வாக்குவாதத்துக்கு இடம் கொடுக்கும் சங்கதிதான்.

அடுத்த உலகக் கோடைப் போட்டி 2027 அக்டோபரில் சிலி நாட்டின் சாண்டியாகோவில். இந்தியாவில் இதை நடத்துவது ஸ்பெஷல் ஒலிம்பிக்ஸ் பாரத், 2001-ல் தொடங்கியது, தமிழ்நாட்டுக்கும் அதன் கிளை உண்டு, பெரும்பாலும் சிறப்புப் பள்ளிகள் வழியாகத்தான் பிள்ளைகள் சேர்கிறார்கள். பள்ளிக்கே போகாத பிள்ளையும் பதிவு செய்துகொள்ளலாம். இரண்டிலிருந்து ஏழு வயது வரை இருப்பவர்களுக்குப் போட்டி இல்லாத விளையாட்டுத் திட்டம் ஒன்று இருக்கிறது. பதிவுக்குப் போகும்போது மருத்துவப் படிவத்தைக் குழந்தையைத் தெரிந்த மருத்துவரிடம் நிரப்புங்கள், டவுன் சிண்ட்ரோம் என்றால் கழுத்தைப் பார்க்கச் சொல்லி நீங்களே கேளுங்கள். போட்டிக்கு முன்பு எட்டு வாரமாவது பயிற்சி வேண்டும் என்பார்கள், அந்த எட்டு வாரத்திலும் ஓடிய நேரத்தைத் தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதிவைக்கச் சொல்லுங்கள். நுழைவுப் படிவத்தில் நேரம் எழுத ஒரு கட்டம் இருக்கும், பல பேர் அதைக் குத்துமதிப்பாக நிரப்பிவிடுகிறார்கள். ஹீட்ஸில் குழந்தை மிரண்டு நின்றுவிட்டால், பிரிவு பிரிக்கும் மேசையில் உங்கள் கோச் நீட்ட வேண்டியது அந்த நோட்டைத்தான்.